கோதுமை ஒத்துக்கொள்ளவில்லையா? குளூட்டன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்று உப்புசம், தீராத ரத்தசோகை, எடை ஏறாத குழந்தை என்று வருகிறவர்கள் குளூட்டனைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் 8-ஆம் கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். நடைமுறையில் அதிகம் பேர் தவறுவது அந்த இடத்தில்தான்.

1. குளூட்டன்னா என்ன? கோதுமையில மட்டும்தான் இருக்கா?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் ஒருவகைப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் வீசும் மாவு கிழியாமல் கண்ணாடி மாதிரி விரிகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது இதுதான். வீட்டிலேயே பார்க்கலாம். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்துகொண்டே இருங்கள். மாவுச்சத்து பாலாகக் கரைந்து போகும். கையில் சூயிங்கம் போல ஒரு சவ்வு மிஞ்சும். அதுதான் குளூட்டன். கேழ்வரகு மாவில் இந்தச் சவ்வு கிடையாது. ராகி அடையைச் சப்பாத்தி மாதிரி தேய்க்க வராமல் கையால் தட்டவேண்டியிருப்பது அதனால்தான்.

மைதா, ரவை, சம்பா ரவை, சாதாரண சேமியா, பிரெட், ரஸ்க் எல்லாமே கோதுமை. ரவை வேறு ஏதோ தானியம் என்று நினைத்துக்கொண்டு, கோதுமையை நிறுத்திவிட்டதாகச் சொல்லி தினமும் உப்புமா சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திருநெல்வேலி அல்வாவும் கோதுமைப் பாலில் கிண்டுவதுதான். அரிசி, கேழ்வரகு (இலங்கையில் குரக்கன்), கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, ஜவ்வரிசி, பருப்பு வகைகள் எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை.

2. நாம அரிசிச் சாப்பாட்டுக்காரங்க. நமக்கெல்லாம் இது வருமா?

குறைவு, ஆனால் வரும். இந்தியாவின் மூன்று பகுதிகளில் சீலியாக் நோயை (குளூட்டனால் சிறுகுடல் கெடும் நோய்; 3-ஆம் கேள்வியில் விவரமாக வருகிறது) கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. சீலியாக்குக்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்த பெரியவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். அதாவது நம் பக்கம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர். நோய் உறுதியானவர்கள் மூன்று பகுதிகளிலும் இதைவிடக் குறைவு. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு மூன்று பகுதிகளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில், மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான்: வடக்கே ஒருவர் ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஒருவருக்கு வயிறு உப்புகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். அதே சமயம், அரிதான நோய் என்பதாலேயே இது இங்கே கண்ணில் படாமல் வருடக்கணக்கில் தவறிப்போகிறது. வீட்டுச் சாப்பாட்டில் கோதுமை கூடிக்கொண்டே போகிறது என்பதையும் மறக்கவேண்டாம்.

3. கோதுமை ஒத்துக்கலைன்னா அது அலர்ஜிதானே? சீலியாக்னு வேற ஏன் சொல்றாங்க?

மூன்று தனித்தனி விஷயங்களை நாம் ஒரே சொல்லால் குறிக்கிறோம். முதலாவது கோதுமை அலர்ஜி. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வரும். சிலருக்குக் கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினாலோ விளையாடினாலோ மட்டும் வரும். மூச்சு முட்டினாலோ தலைசுற்றி மயக்கம் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

இரண்டாவது சீலியாக் நோய். குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு சக்தி சிறுகுடலையே தாக்குகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த குடலுறிஞ்சிகள் மழுங்கி, சாப்பிட்ட சத்து உடம்பில் சேராமல் போகும். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1930-களிலேயே கோதுமையைச் சந்தேகித்தவர். 1944–45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத மாதங்களில் சீலியாக் இருந்த குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நலிந்தார்கள். 1950-ல் அவர் அதை ஆய்வேடாக எழுதினார். இன்றைக்கும் மருந்து அதே உணவுக் கட்டுப்பாடுதான்.

மூன்றாவது, சீலியாக்கும் இல்லை, அலர்ஜியும் இல்லை, ஆனாலும் கோதுமை சாப்பிட்டால் உபாதை. இதைக் குளூட்டன் கூருணர்வு என்கிறார்கள். குடல் சேதமாவதில்லை. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இந்த முடிவுக்கு வரமுடியும்.

4. என்னென்ன அறிகுறி இருந்தா சந்தேகப்படணும்?

வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, உப்புசம், காரணமில்லாத எடை இழப்பு, எண்ணெய்ப் பிசுக்கோடு நாறி, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல் மிதக்கும் மலம். இவை எல்லோரும் எதிர்பார்க்கிற அறிகுறிகள். மலச்சிக்கலோடு வருகிறவர்களும் உண்டு.

வயிற்றுக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தெரிபவை இன்னும் முக்கியம்: மாத்திரை போட்டும் ஏறாத ஹீமோகுளோபின், அடிக்கடி வரும் வாய்ப்புண், இளவயதிலேயே எலும்புத் தேய்மானம், கை கால் மரத்துப்போதல், தள்ளிப்போகும் பூப்பு, குழந்தையின்மை, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, காரணம் தெரியாமல் கூடியிருக்கும் கல்லீரல் என்சைம்கள். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் இருபக்கமும் ஒரே மாதிரி தாங்கமுடியாத அரிப்போடு சிறு கொப்புளங்கள் வந்தால், அது சீலியாக்கின் தோல் வடிவமாக இருக்கலாம். சிரங்கு என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே காலம் போய்விடும்.

5. வயிறு நல்லாத்தான் இருக்கு. ரத்தசோகைக்கு எதுக்கு குளூட்டன் டெஸ்ட் எழுதினாங்க?

இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். சீலியாக் முதலில் கெடுப்பதும் அதே பகுதியைத்தான். அதனால் வயிறு ஒரு முணுமுணுப்பும் காட்டாமல் ரத்தசோகை மட்டும் வரலாம். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, குடற்புழு, மூலம், கீரையும் கறியும் குறைந்த சாப்பாடு ஆகியவை நம் ஊரில் முதலில் பார்க்கவேண்டிய காரணங்கள். அவற்றைச் சரிசெய்து, இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக (டீ, காபியோடு சேர்க்காமல்) இரண்டு மூன்று மாதம் எடுத்தும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால், அந்த மருத்துவர் எழுதிக்கொடுத்தது சரியான பரிசோதனை.

6. சர்க்கரைக்காக ராத்திரி சப்பாத்திக்கு மாறினேன். அதுலேர்ந்து வயிறு உப்புது, லூஸ் மோஷன் போகுது. குளூட்டன்தானே?

மாத்திரைச் சீட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். சர்க்கரை நோய் தெரிந்த அதே வாரத்தில் சப்பாத்தியும் தொடங்கியிருக்கும், மெட்ஃபார்மினும் தொடங்கியிருக்கும். உப்புசமும் வயிற்றுப்போக்கும் மெட்ஃபார்மினின் மிகச் சாதாரணமான பக்கவிளைவுகள். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு எடுப்பது, அளவைப் படிப்படியாகக் கூட்டுவது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவது என்று அவரிடம் வழி இருக்கிறது.

மாத்திரை காரணமில்லை என்றால், இதுவரை அரிசி மட்டுமே பார்த்த குடலுக்குத் திடீரென்று கூடிய நார்ச்சத்து, கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் (இது 13-ஆம் கேள்வியில் வருகிறது) ஆகியவற்றை யோசிக்கவேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய், அதாவது சிறுவயதிலிருந்தே இன்சுலின் போடுகிறவர்கள், விஷயம் வேறு. அவர்களுக்குச் சீலியாக் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்கவேண்டும்.

7. பரோட்டா சாப்பிட்டா மட்டும் வயிறு கல்லு மாதிரி ஆயிடுது. சப்பாத்தி ஒண்ணும் பண்ணலை.

சப்பாத்தியிலும் அதே குளூட்டன்தான் இருக்கிறது. ஒன்று ஒத்துக்கொண்டு மற்றொன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குளூட்டன்மேல் சந்தேகம் குறைகிறது. பரோட்டாவில் ஊறிய எண்ணெய், காரமும் வெங்காயமும் மிகுந்த சால்னா, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பது, நான்கைந்து என்று எண்ணாமல் உள்ளே போகும் அளவு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

8. ரெண்டு வாரம் கோதுமையை நிறுத்திப் பாத்துட்டு, சரியானா டாக்டர்கிட்ட போகலாமா?

தயவுசெய்து இந்த வரிசையில் செய்யாதீர்கள். முதலில் பரிசோதனை, அதன் பிறகு நிறுத்துவது. சீலியாக் பரிசோதனைகள் எல்லாம் குளூட்டனுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்ப்பைத்தான் அளக்கின்றன. நிறுத்தினால் எதிர்ப்புப் பொருள்கள் குறையத் தொடங்கும், குடலும் ஆறத் தொடங்கும். அந்த நிலையில் ரத்தம் கொடுத்தால், நோய் இருந்தும் "நெகட்டிவ்" என்று வரலாம். நீங்களும் நிம்மதியாகி விசேஷங்களில் மட்டும் பூரியும் கேசரியும் சாப்பிடுவீர்கள். உள்ளே குடல் கெட்டுக்கொண்டே இருக்கும்.

நிறுத்தியதும் சரியாகிவிட்டது என்பது சீலியாக்குக்குச் சாட்சியும் ஆகாது. கோதுமையை நிறுத்துகிறவர் கூடவே பிஸ்கட், பேக்கரிப் பண்டம், பரோட்டா, சால்னா எல்லாவற்றையும் நிறுத்துகிறார். எது போனதால் வயிறு நன்றாயிற்று என்று யாரால் சொல்லமுடியும்? சீலியாக் என்றால் வாழ்நாள் முழுக்க, மாவு மில் வரை போய்ப் பார்க்கும் கட்டுப்பாடு தேவை. அதை ஊகத்தின்மேல் தொடங்கக்கூடாது. சாப்பிட்டதும் தடிப்பு, மூச்சுத்திணறல் வருகிறவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் உடனே நிறுத்தவேண்டும்.

9. ஐயோ, நான் ஏற்கனவே நிறுத்தி ஆறு மாசம் ஆச்சே. இப்ப என்ன பண்றது?

மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனை. இதற்கு கோதுமை சாப்பிடவேண்டியதில்லை. இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக் அநேகமாக இல்லை, அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. இருக்கிறது என்று வந்தால் அதனால் மட்டும் நோய் உறுதியாகாது. 2-ஆம் கேள்வியில் சொன்னபடி மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது.

இரண்டாவது வழி, மருத்துவர் மேற்பார்வையில் குளூட்டனைத் திரும்பச் சாப்பிட்டுப் பரிசோதிப்பது. ஒரு நாளைக்கு 3 முதல் 10 கிராம் குளூட்டன், ஆறு முதல் எட்டு வாரம். நடுத்தரச் சப்பாத்தி ஒன்றுக்கு 30–35 கிராம் மாவு பிடிக்கும். அதில் ஏறக்குறைய 3 கிராம் குளூட்டன். ஆக தினம் இரண்டு சப்பாத்தி போதும். தாங்கமுடியாதவர்களுக்கு இரண்டு வாரத்திலேயே பரிசோதித்துவிடுவதும் உண்டு. கர்ப்பிணிகளும் வளரும் குழந்தைகளும் இதைத் தாங்களாகத் தொடங்கக்கூடாது.

10. எப்ப டாக்டர்கிட்ட போகணும்? எந்த டாக்டர்?

உப்புசமோ மலத்தில் மாற்றமோ மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம் போங்கள். முதல் ரத்தப் பரிசோதனையை அவரே எழுதலாம். முடிவு பாசிட்டிவாக வந்தால் குடல்நோய் நிபுணர். குழந்தை என்றால் குழந்தை மருத்துவர்.

காத்திருக்கக்கூடாத நிலைகள் வேறு: மலத்தில் ரத்தம், கறுப்பாகத் தார் போன்ற மலம், தூக்கத்தில் எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, விட்டுவிட்டுக் காய்ச்சல், வேகமாக எடை குறைதல், விழுங்கும்போது அடைத்தல், 45 வயதுக்கு மேல் புதிதாக மலப்பழக்கம் மாறுதல், குடும்பத்தில் குடல் புற்றுநோய். இவற்றைக் குளூட்டன் கணக்கில் எழுதிவிட்டு உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. நம் ஊரில் குடல் காசநோயும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளும் இதே முகத்தோடு வரும். அதனால்தான் மலப் பரிசோதனையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்றை எடுத்துப் போங்கள். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, உபாதை தொடங்கிய நேரம், பத்துக்கு எத்தனை கடுமை, மலம் எத்தனை முறை, என்னென்ன மாத்திரை. ஒரு நோட்டுப் புத்தகப் பக்கம் போதும்.

11. என்ன டெஸ்ட் எடுப்பாங்க? எண்டோஸ்கோபி கட்டாயமா?

முதலில் டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை. கூடவே மொத்த ஐஜிஏ (ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் பொருள்) அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ உற்பத்தியே குறைவு. அவர்களுக்கு டிடிஜி-ஐஜிஏ பொய்யாக நெகட்டிவ் காட்டும். அப்போது ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்புப் பொருளை அளக்கும் சீலியாக் பரிசோதனை செய்யவேண்டும். ரத்தம் கொடுக்க வெறும் வயிறு தேவையில்லை.

டிடிஜி கூடியிருந்தால் பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து துளித்துளியாகச் சதை எடுப்பார்கள். சேதம் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரு இடத்தில் எடுத்தால் போதாது. குறைந்தது நான்கு துண்டுகள், அதோடு குடல் தொடங்கும் குமிழ்ப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டு. சதை எடுப்பது வலிக்காது. குழந்தைகளுக்கு டிடிஜி இயல்பு வரம்பைப்போல் பத்து மடங்கோ மேலோ இருந்து, தனியாக எடுத்த இன்னொரு ரத்த மாதிரியில் ஈஎம்ஏ (சீலியாக்குக்கான மற்றொரு எதிர்ப்புப் பொருள்) பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால், சதைப் பரிசோதனை இல்லாமலேயே சில சமயம் உறுதிசெய்கிறார்கள்.

12. லேப்ல இருநூறு உணவுக்கு ஐஜிஜி அலர்ஜி டெஸ்ட் பேக்கேஜ் இருக்கு. அதை எடுத்தா ஒரேயடியா தெரிஞ்சிடுமே?

அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஒரு உணவுக்கு எதிரான ஐஜிஜி, அந்த உணவை நீங்கள் சாப்பிட்டுவருகிறீர்கள் என்பதைத்தான் காட்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் காட்டாது. இந்தத் தாளைப் பார்த்துப் பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை எல்லாவற்றையும் நிறுத்தி, மெலிந்து போனவர்கள் உண்டு. 11-ஆம் கேள்வியில் சொன்ன ஐஜிஜி இதுவல்ல. அது சீலியாக்குக்கென்றே உள்ள தனிப் பரிசோதனை.

13. டிடிஜி நெகட்டிவ். டாக்டர் ஒண்ணுமில்லைங்கறார். ஆனா கோதுமை சாப்பிட்டா வயிறு உப்பத்தான் செய்யுது.

உங்கள் உபாதை உண்மைதான். குற்றவாளி குளூட்டனாக இருக்கவேண்டியதில்லை, அவ்வளவுதான். கோதுமையில் ஃப்ரக்டான் என்ற ஒருவகை கார்போஹைட்ரேட் இருக்கிறது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகும். நார்வேயில் 2018-ல் வெளியான ஆய்வில், தங்களுக்குக் குளூட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேருக்கு, எதில் எது இருக்கிறது என்று சொல்லாமல் தின்பண்டத்தில் கலந்து கொடுத்தார்கள். குளூட்டனைவிட ஃப்ரக்டான்தான் அதிக உபாதை கொடுத்தது.

ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய உண்டு. ஆகவே உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: சின்ன வெங்காயச் சாம்பாருக்கும் பூண்டுக் குழம்புக்கும் அரிசிச் சோறு சாப்பிட்டபோதும் உப்பியதா? ஆமாம் என்றால் சந்தேகம் ஃப்ரக்டான்மேல். பால், மோர்க்குழம்பு, ஐஸ்கிரீமுக்கு உப்பினால் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைப் பாருங்கள்.

இப்போது, பரிசோதனை முடிந்த பிறகு, நிறுத்திப் பார்க்கலாம். ஆறு வாரம் கோதுமை, பார்லி, ரை முழுக்க நிறுத்துங்கள். மற்ற எதையும் மாற்றாதீர்கள். தினமும் உபாதைக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். மூன்றில் ஒரு பங்காவது குறையவில்லை என்றால் கோதுமை காரணமில்லை, திரும்பச் சாப்பிடலாம். குறைந்தால் ஒரு வாரம் தினம் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுப் பாருங்கள். திரும்பி வந்தால்தான் முடிவு. இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு முழுத்தடை தேவைப்படாது. தாங்கும் அளவு எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

14. பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. எடை ஏறவே இல்லை, வயிறு மட்டும் முன்னாடி தள்ளியிருக்கு. சத்துமாவுக் கஞ்சிதான் கொடுக்கறேன்.

சத்துமாவுப் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் கோதுமையும் சிலவற்றில் பார்லியும் இருக்கும். வீட்டில் வறுத்து அரைத்ததிலும் கோதுமை சேர்ப்பது வழக்கம். கஞ்சி தொடங்கிய சில மாதங்களில் எடைக்கோடு சரிவது, கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருப்பது, சிடுசிடுப்பு, நாறும் தளர்மலம் எல்லாம் சேர்ந்து வந்தால் சீலியாக்கையும் பார்க்கவேண்டும். தடுப்பூசி அட்டையில் உள்ள எடைப் பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மாதத்தில் கோடு சரிந்தது என்பது அவருக்குப் பெரிய துப்பு. பரிசோதனை முடியும்வரை கஞ்சியை மாற்றாதீர்கள். காரணம் 8-இல் இருக்கிறது. இந்த வயதில் வாரக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது, இந்த வாரமே காட்டுங்கள்.

கோதுமையைத் தள்ளிப்போட்டுக் கொடுத்தால் நோய் வராது என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. நான்கு மாதம் முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் எப்போது தொடங்கினாலும் ஆபத்து மாறுவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதே நமக்கு நல்லது.

15. சீலியாக்னு உறுதியாச்சு. சப்பாத்தி, பிரெட் விட்டாச்சு. வேற எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கும்?

முதலில் பெருங்காய டப்பாவைப் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் சேர்க்கும் மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், தாளிப்பு, ஊறுகாய், மோர் என்று எதில்தான் பெருங்காயம் இல்லை! அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். அடுத்து மால்ட் பானங்கள். மால்ட் என்றால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. ஹார்லிக்ஸ், போர்ன்விடா மாதிரியானவை இந்த வகை. சோயா சாஸ், மைதா போட்டுக் கெட்டியாக்கிய சூப், கோபி மஞ்சூரியன், குலாப் ஜாமூன், பீர் எல்லாவற்றிலும் உண்டு.

இன்னொன்று மாவு மில். முந்தின ஆள் பத்துக் கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போன கல்லில் உங்கள் கேழ்வரகைப் போட்டால், கல்லிடுக்கிலும் துணிக்குழாயிலும் தங்கியிருந்த கோதுமை மாவு முதல் படிகளில் கலந்து உங்கள் பாத்திரத்தில் விழும். "கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டிட்டு அரைங்க" என்று சொல்வது போதாது. வீட்டில் மிக்சியிலோ சிறு மாவரைக்கும் இயந்திரத்திலோ அரையுங்கள், அல்லது குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்ட பொட்டலம் வாங்குங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிப்படி அப்படி அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது.

சமையலறையில் சப்பாத்திக்கட்டை, மாவு சலிக்கும் சல்லடை, மரக்கரண்டி, பஜ்ஜி பொரித்த எண்ணெய் நான்கும் தனித்தனியாக வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் நன்றாகக் கழுவினால் போதும்.

16. ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்? எனக்கு ஒண்ணும் தெரியலையே.

தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் வரை பெரும்பாலோருக்குத் தாங்கும். தினம் 50 மில்லிகிராம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடலில் சேதம் தெரிந்தது. ஒரு கிராம் மைதாவில் 80 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டால், தினம் அரை கிராம் மைதா, அதாவது பிரெட் துணுக்கு ஒன்று, அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. சீலியாக் உள்ளவர்களுக்கான கணக்கு இது. 13-ஆம் கேள்விக்காரர்கள் பெருங்காயத்துக்கும் மில்லுக்கும் பயப்படவேண்டியதில்லை.

17. ஓட்ஸ் சாப்பிடலாமா?

சுத்தமான ஓட்ஸ் பெரும்பாலான சீலியாக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுவதால் சாதாரணப் பொட்டலம் வேண்டாம். உடல் தேறி டிடிஜி இறங்கிய பிறகு, குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்டதை மட்டும் சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். காலைக்கு கம்பங்கூழோ இட்லியோ இருக்கும்போது ஓட்ஸுக்கு அவசரம் எதற்கு?

18. ஹோட்டல்ல இட்லி, தோசை பயமில்லாம சாப்பிடலாம்தானே?

இட்லி, பொங்கல், இடியாப்பம் அரிசிதான். தோசைக்கல்லில்தான் கவனம். அதே கல்லில் சற்று முன் ரவா தோசை (ரவையும் மைதாவும்) ஊற்றி, துடைப்பத்தால் ஒரு தேய் தேய்த்துவிட்டு உங்கள் தோசையை ஊற்றுவார்கள். சாம்பாரில் பெருங்காயம் இருக்கும். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கேட்டு, சட்னித் தாளிப்பில் பெருங்காயம் உண்டா என்று விசாரியுங்கள். பயணத்துக்குப் பொடி தடவிய இட்லி கட்டிக்கொண்டு போவது இன்னும் நிம்மதி. பொடியில் போடும் பெருங்காயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

19. கோயில் பிரசாதம், சர்ச்ல நற்கருணை... இதையெல்லாமா மறுக்கறது?

சர்க்கரைப் பொங்கல், சுண்டல், பஞ்சாமிர்தம் போன்றவற்றில் கோதுமை கிடையாது. புளியோதரையில் பெருங்காயம் வரும். ரவா கேசரியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்திலிருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். நற்கருணை அப்பம் கோதுமை. குளூட்டன் மிகக் குறைவான அப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, முற்றிலும் இல்லாததை ஏற்பதில்லை. திராட்சை இரசத்தை மட்டும் பெறவும் வழி உண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசி, அப்பத்துண்டு இடாத தனிக் கிண்ணத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

20. அக்காவுக்கு சீலியாக். எனக்கு ஒண்ணுமில்லை. நானும் டெஸ்ட் எடுக்கணுமா?

எடுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் ஆகியோருக்கு வாய்ப்பு ஏறக்குறைய பதின்மூன்றில் ஒருவருக்கு. அறிகுறி இல்லாமலும் இருக்கும். அக்காவோடு சேர்ந்து நீங்களும் கோதுமையை நிறுத்தியிருந்தால் 9-ஆம் பதிலைப் பாருங்கள். உங்களுக்கு மரபணுப் பரிசோதனை நல்ல தொடக்கம்.

21. எந்த நோயும் இல்லை. குளூட்டனை விட்டா உடம்பு இளைக்கும்னு சொல்றாங்களே?

பேக்கரியையும் பரோட்டாவையும் விட்டால் இளைக்கும். அதற்குக் காரணம் குறைந்த சர்க்கரையும் எண்ணெயும். குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட், கேக் என்று விலை கொடுத்து வாங்குபவற்றில் நார்ச்சத்து குறைவாகவும் சர்க்கரை தாராளமாகவும் இருப்பது சாதாரணம். நோயே இல்லாதவர் கோதுமையை விட வேண்டிய காரணமில்லை.

22. ஒரு வருஷமா ஒழுங்கா இருக்கேன். இன்னும் வயிறு சரியாகலையே?

டிடிஜியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பலருக்கு ஒரு வருடத்தில் இயல்புக்கு வந்துவிடும். இன்னும் கூடுதலாகவே இருந்தால் எங்கேயோ குளூட்டன் உள்ளே போகிறது. 15-ஆம் பதிலை ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். வீட்டில் உள்ள எல்லாப் பொட்டலங்களின் பின்பக்கத்தையும் படமெடுத்து உணவியல் நிபுணரிடம் காட்டினால், பாதி நேரம் மிச்சம்.

டிடிஜி இறங்கியிருந்தும் உபாதை தீரவில்லை என்றால் வேறு காரணம். குடல் முழுக்க ஆறப் பெரியவர்களுக்கு இரண்டு வருடமோ மேலோ ஆகலாம். அதுவரை பால் ஒத்துக்கொள்ளாமல் இருப்பது சகஜம், மோரும் தயிரும் ஓரளவு தாங்கும். ஐபிஎஸ் எனும் குடல் எரிச்சல் கோளாறு, சிறுகுடலில் நுண்ணுயிர் பெருக்கம், கணையச் சுரப்புக் குறைவு ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார். கூடவே இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டு அளவுகளையும், முதல்முறை என்றால் எலும்பு அடர்த்தியையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எடை மறுபடி குறையத் தொடங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.